பழைய ஜீப்புக்கு ஹெட்டர் மாட்டினால் இழுவை கூடுமா, சத்தம் மட்டும் கூடுமா?

பழைய வண்டி ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். பானெட்டைத் திறந்துவைத்த வில்லிஸ் அல்லது மஹிந்திரா பெட்ரோல் ஜீப். கருத்துப்போன இரும்பு வார்ப்பு இருந்த இடத்தில் பளபளவென நான்கு வளைந்த குழாய்கள். ஸ்டார்ட் செய்ததும் நெஞ்சு அதிரும் சத்தம். கீழே கமென்ட்டில் ஒரே கேள்வி: "எவ்ளோ ஆகும் ப்ரோ?"

எவ்ளோ ஆகும் என்பது அப்புறம். முதலில் அந்தக் குழாய்கள் என்ன செய்கின்றன, இந்த இன்ஜினுக்கு அது தேவையா என்று பார்த்துவிடலாம். (மலைப்பாதைகளில் ஓடும் டீசல் ஜீப்புகளுக்கு இந்தக் கதை பொருந்தாது. இது பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு.)

ஹெட்டர் என்றால் என்ன?

நான்கு சிலிண்டரில் இருந்தும் வரும் புகையைச் சேர்த்து சைலன்சர் பக்கம் அனுப்புவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனி கொடுப்பது தடித்த வார்ப்பிரும்பு. எல்லாப் புகையும் ஒரே குட்டையான அறைக்குள் முட்டிமோதி வெளியேறும். ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஸ்டீல் குழாய். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடும்போது பின்னால் ஒரு சின்ன வெற்றிடத்தை விட்டுச் செல்லும். குழாய்களின் நீளமும் அகலமும் சரியாக அமைந்தால், அந்த வெற்றிடம் அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அவ்ளோதான் தத்துவம். ஆனால், அந்த "சரியாக அமைந்தால்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த இன்ஜினின் சிக்கல் வேறு இடத்தில்

வில்லிஸ் 1953-ல் கொண்டுவந்த சிஜே-3பி மாடலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1968-ல் அதன் உற்பத்தி நின்ற பிறகும், மஹிந்திரா அதே வடிவத்தை இங்கே பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதில் இருந்த ஹரிக்கேன் இன்ஜின் 2,199 சிசி, சுமார் 75 குதிரைத்திறன். இன்ஜின் உயரம் கூடியதால் பானெட்டையும் உயர்த்தினார்கள். அந்த ஜீப்பின் நிமிர்ந்த முகத்துக்கு அதுதான் காரணம்.

இதன் வால்வு அமைப்பு கொஞ்சம் விநோதம். பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வால்வு மேலே, ஹெட்டில் இருக்கிறது. புகை வெளியேறும் வால்வோ பக்கவாட்டில், பிளாக்குக்குள். அதாவது, புகை பிளாக்குக்குள்ளேயே வளைந்து திரும்பித்தான் மேனிஃபோல்டுக்கு வந்து சேர்கிறது. போதாததற்கு கம்ப்ரஷன் விகிதம் ஏறத்தாழ 7:1 மட்டுமே. கார்புரேட்டரும் ஒற்றைத் துளை. தெருக்குழாயிலேயே தண்ணீர் மெதுவாக வரும்போது ஹோஸை மட்டும் பெரிசாக்கி என்ன பயன்?

இன்னொன்று. ஹெட்டரின் பலன் பெரும்பாலும் அதிக ஆர்பிஎம்மில்தான் தெரியும். ஜீப்போ ஃபர்ஸ்ட் கியரில், 4-லோவில், மெதுவாகப் பாறை ஏறும் வண்டி. பார்க்க கெத்தாக இருக்கிறதென்று அகலமான குழாய் போட்டால், புகையின் வேகம் குறைந்து, அடிமட்ட இழுவை இருந்ததைவிடக் குறையவும் வாய்ப்புண்டு. போட்டே ஆகவேண்டும் என்றால் ஒல்லியான, நீளமான குழாய்கள்; 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி, பிறகு இரண்டும் ஒன்றாகச் சேரும் அமைப்பு. இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால் இந்த ஜோடிதான் பொருந்தும்.

அப்போ யாருமே போடக்கூடாதா? ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. பழைய மேனிஃபோல்டு விரிசல் விட்டு, வெல்டிங் செய்தும் நிற்கவில்லை, மாற்று கிடைக்கவும் இல்லை என்றால் ஹெட்டர் நல்ல வழிதான். ஆனால், முகம் மட்டும் வளைந்து பேக்கிங் அடிக்கடி போகிறது என்றால், லேத் பட்டறையில் கொடுத்து அந்த முகத்தைச் சமன் செய்தாலே வேலை முடிந்துவிடும். செலவும் அதில் ஒரு பங்குதான்.

கழற்றும்போதுதான் ஆட்டம் ஆரம்பம்

ஐம்பது வருஷம் சூடாகி ஆறிய ஸ்டட்டுகள் பிளாக்கோடு ஒட்டிப்போயிருக்கும். ஸ்பேனரில் பலத்தைக் காட்டினால் ஸ்டட் பிளாக் மட்டத்தோடு முறியும். அப்புறம் துளைபோட்டு எடுத்து, மரை வெட்டி... ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு, நட்டைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைப்பதுதான் வழி. திரும்ப மாட்டும்போது பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை அழ வேண்டியதில்லை.

ஹெட்டரில் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் பாலீஷை அல்ல, பிளாக்கோடு சேரும் ஃபிளாஞ்சின் தடிமனை. மெல்லிய ஃபிளாஞ்ச் சூட்டில் வளையும், வளைந்தால் கசியும். மாட்டிய பிறகு இன்ஜினைச் சூடாக்கி, ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' சத்தம் கேட்டு, சூடானதும் அது அடங்கினால், அங்கே கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

கசிந்தால் சத்தம் மட்டும்தானே என்று விட முடியாது. வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும். பழைய ஜீப்பின் ஃபயர்வாலில் வயருக்கும் கேபிளுக்கும் போட்ட ஓட்டைகள் பாதி திறந்தே கிடக்கும். வெயிலில் கூரையில்லாமல் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மழைக்காக கேன்வாஸை நாலு பக்கமும் இறக்கிக் கட்டிக்கொண்டு மலையேறும்போது லேசான தலைவலி, தூக்கக் கலக்கம் வந்தால் "பயணக் களைப்பு" என்றுதான் நினைப்போம். உடனே வண்டியை நிறுத்தி எல்லாரும் இறங்குங்கள்.

அடுத்தது சூடு. மெல்லிய குழாய் வார்ப்பிரும்பைவிட அதிகமாகச் சூட்டை பானெட்டுக்குள் கக்கும். இந்த இன்ஜினில் பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும் அதே இடது பக்கம். மலையேற்றத்தில் லைனில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும். இப்போது பங்குகளில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹெட்டர் மாட்டும் அன்றே அவற்றையும் மாற்றிவிடுங்கள், இடையில் ஒரு தகடும் வையுங்கள். நமக்கு ஒரு அதிர்ஷ்டம்: அமெரிக்க ஜீப்பில் ஸ்டீயரிங் தண்டும் இடதுபக்கமே வந்து குழாயோடு இடிக்கும். நம்ம ஊர் ஜீப்பில் அது வலதுபக்கம்.

ஆர்டிஓ என்ன சொல்வார்?

ஹெட்டருக்குப் பின்னால் ஒழுங்கான சைலன்சர் இருந்தால் சத்தம் பெரிதாகக் கூடாது. சைலன்சரையும் எடுத்துவிட்டு ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 190(2)-ன்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும்.

இன்னும் யோசிக்க வேண்டியவர்கள், 50 வயதைத் தாண்டிய ஜீப் வைத்திருப்பவர்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி அதை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். 20,000 ரூபாய் கட்டணம், நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்து. ஆனால் நிபந்தனை இருக்கிறது: வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றத்தோடு பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும் ஹெட்டர் இதில் சேருமா என்பதை, வண்டியைச் சோதிக்கும் அதிகாரி எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே தீர்மானிக்கும்.

அதனால் ஹெட்டர் மாட்டுகிறவர்கள், கழற்றிய பழைய மேனிஃபோல்டைக் காயலான் கடைக்குப் போடாமல், எண்ணெய் தடவி ஒரு சாக்கில் சுற்றி, அதன் நட்டு போல்ட்டுகளோடு பரணில் வைத்துவிடுங்கள்.