தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. நீதிமன்றத்துக்கும் ஊர் வழக்குக்கும் உரியதென நாம் கருதிவரும் இம்மொழி, வைரஸ் கிருமிகளை ஆராயும் ஆய்வுகூடத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அங்கே விசாரணைக்குரிய பொருளைக் கண்ணால் காண்பதே அரிது.

கட்டுகஸ்தோட்டையிலும் கண்டியைச் சூழ்ந்த ஊர்களிலும் மழைக்குப் பின் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், "இது டெங்குவாக இருக்குமோ?" என்பதே முதற் கேள்வி. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவாயினர். அந்த ஆண்டை எவரும் எளிதில் மறந்திருக்கமாட்டார். இரத்தப் பரிசோதனைத் தாளில் "இல்லை" என்று கண்டால் வீடு நிம்மதி கொள்கிறது. "உண்டு" என்று கண்டால் கலங்குகிறது. ஆனால் அந்த ஒரு சொல் எவ்வாறு பிறக்கிறது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. இதனை விளங்கிக்கொள்ள, 1986இல் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாறு பெரிதும் துணைசெய்யும். அதற்குமுன் கிருமியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம்.

காணாமலே அறிந்த பொருள்

1892இல் ருஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை, பக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடிகட்டி ஒன்றினூடாகச் செலுத்தினார். வடிந்த தெளிந்த சாறும் நல்ல செடிகளுக்கு நோயைத் தந்தது. பக்டீரியாவினும் சிறியதோர் எதிரி அதனுள் இருந்தது. ஆயினும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால் அதன் உருவத்தை மனிதன் கண்டது 1939இலேதான். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் விஞ்ஞானிகள் தாம் காணாத ஒன்றை அதன் செயலைக் கொண்டே ஆராய்ந்தனர்.

ஒரு மில்லிமீற்றரை 20,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே டெங்கு வைரஸின் பருமன். சிறுமை ஒருபுறமிருக்க, வேறொரு சிக்கலும் உண்டு. பக்டீரியாக்களை இறைச்சிச் சாறு போன்ற உணவில் வளர்த்துவிடலாம். வைரஸோ உயிருள்ள கலத்தினுள் புகுந்தாலன்றிப் பெருகாது. அதனை வளர்த்துக் காண்பதற்கு நாட்கள் செல்லும். ஆய்வாளருக்கு ஆபத்தும் உண்டு. ஆகவே அன்றாடப் பரிசோதனைகள் பெரும்பாலும் வைரஸைத் தேடுவதில்லை. அதன் தடயத்தையே தேடுகின்றன. யானை வந்துபோன தோட்டத்தில் யானை நிற்பதில்லை, அடிச்சுவடு இருக்கிறது. அதுபோல, வைரஸை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரி என்னும் புரதம் இரத்தத்தில் தங்கி நிற்கிறது. அந்தச் சுவட்டைச் சரியாக வாசிப்பதே இக்கலை.

வேலூருக்குச் சென்ற பெட்டி

எயிட்ஸ் நோய் 1981இல் அமெரிக்காவில் முதன்முதல் அறிவிக்கப்பட்டது. அதன் வைரஸை 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் கண்டறிந்தனர். "இது மேல்நாட்டு நோய், நம்மை அணுகாது" என்ற எண்ணமே அக்காலத்தில் இந்தியாவில் பரவியிருந்தது. பம்பாயிலிருந்து பூனா ஆய்வு நிலையத்துக்கு அனுப்பப்பட்ட இரத்த மாதிரிகளிலும் தொற்று எதுவும் காணப்படவில்லை.

அவ்வேளையில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் பயின்ற நிர்மலா என்னும் 32 வயது மாணவியிடம், அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், தமிழ்நாட்டில் இக்கிருமி உண்டா என்று தேடிப் பார்க்கும்படி கூறினார். நிர்மலா வைத்தியசாலைக்கும், பரத்தமைத் தொழிலில் சிக்குண்ட பெண்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்த அரசாங்க இல்லத்துக்கும் சென்று, மூன்று மாதங்களில் 80க்கு மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறையோ வேறு பாதுகாப்போ இருக்கவில்லை. பிரித்தெடுத்த இரத்த நீரைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துக் காத்தார்.

சோதிக்கும் வசதி அன்று சென்னையில் இல்லை. 1986 பெப்ரவரியில் அவரும் அவருடைய கணவரும் மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, இரவுப் புகையிரதத்தில் காட்பாடிக்குச் சென்று, அங்கிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தனர். அங்கே வைரஸ் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். காலையில் வேலை தொடங்கியது. நடுவே மின்சாரமும் தடைப்பட்டது. பின்னர் வந்து தட்டின் மூடியைத் திறந்தபோது ஆறு குழிகள் மஞ்சள் நிறங்கொண்டிருந்தன.

மஞ்சள் நிறத்தின் பொருள்

அந்தத் தட்டுச் சோதனைக்கு எலைசா என்று பெயர். சிறு குழிகள் நிறைந்த தட்டொன்றில் வைரஸின் புரதம் முன்னரே பூசப்பட்டிருக்கும். அதன்மேல் இரத்த நீரை ஊற்றினால், அதில் உரிய பிறபொருளெதிரி இருப்பின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி அகற்றியபின், நொதியம் இணைந்த வேறொரு பொருளையும் நிறந்தரும் திரவத்தையும் சேர்ப்பர். ஒட்டியது உண்டாயின் நிறம் தோன்றும், இல்லையேல் தோன்றாது.

இவ்வளவு எளிதாயின் ஐயம் எதற்கு? கழுவுவது குறைந்தாலும் நிறம் தோன்றும். வேறொரு நோய்க்காக உடல் உண்டாக்கிய புரதம் தவறி ஒட்டிக்கொண்டாலும் நிறம் தோன்றும். வேலூரில் இருந்தோர் இதனை அறிந்தே இருந்தனர். ஆகையால் அந்த ஆறு பெண்களிடமிருந்தும் மீண்டும் இரத்தம் பெறப்பட்டு, அமெரிக்காவில் வேறு முறையில் சோதிக்கப்பட்டது. வைரஸின் புரதங்களை மின்சாரத்தால் அளவு வாரியாகப் பிரித்து, எந்தெந்தப் புரதத்தோடு இரத்தநீர் ஒட்டுகிறது என்று தனித்தனியே காணும் முறை அது. அதுவும் "உண்டு" என்ற பின்னரே மே மாதத்தில் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டசபையில் செய்தியை அறிவித்தார்.

என்ன நோய்க்காகச் சோதனை என்பதை அப்பெண்களுக்குத் தாம் கூறவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உரியவரின் இசைவைப் பெறாமல் இத்தகைய ஆராய்ச்சியை இன்று நடத்துதல் தகாது. குழாயில் இருப்பது ஒரு மனிதப் பிறவியின் இரத்தம் என்பதும் ஆய்வுகூடத்தின் பாடங்களுள் ஒன்றேயாகும்.

கணக்குக் கூறும் உண்மை

மாணவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10,000 பேரில் 10 பேருக்கே தொற்று இருப்பதாகக் கொள்வோம். நோயுற்றவர் ஒருவரையும் தவறவிடாத சோதனை, ஆனால் நலமுள்ளோரில் 100க்கு ஒருவரைத் தவறாக "உண்டு" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 9,990 பேரில் ஏறக்குறைய 100 பேர் வீணாகப் பழிபெறுவர். "உண்டு" என்ற 110 பேரில் உண்மை நோயாளர் 10 பேரே! அந்த 110 பேரையும் அதே திறமுடைய, ஆனால் வேறுமுறையான இரண்டாவது சோதனைக்கு உட்படுத்தினால், அந்த 100 பேரில் ஒருவரே எஞ்சுவார். முறை வேறாயிருத்தல் இன்றியமையாதது. ஒரே முறையை மீட்டும் செய்தால் முதலில் ஏமாற்றிய காரணமே மறுபடியும் ஏமாற்றக்கூடும்.

நம் வீட்டுக் காய்ச்சல்

"உண்டு" என்பதை ஐயுறுதல் போலவே "இல்லை" என்பதையும் ஐயுற வேண்டும். டெங்குக் காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களளவில் வைரஸின் புரதம் ஒன்று இரத்தத்தில் காணப்படும். அதனைத் தேடுவது ஒரு சோதனை. பிறபொருளெதிரியோ நான்கைந்து நாட்கள் கழிந்தே வெளிப்படத் தொடங்கும். அதனைத் தேடுவது மற்றொன்று. இரண்டாம் நாளில் பிறபொருளெதிரியைத் தேடினால் "இல்லை" என்றே வரும். யானை இன்னும் சேற்றில் கால் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே பரிசோதனைத் தாளை வாசிக்கும்போது, எந்தச் சோதனை, காய்ச்சலின் எத்தனையாம் நாள் என்ற இரண்டையும் கேட்டறிதல் வேண்டும். காய்ச்சல் தணியும் வேளையே டெங்குவில் ஆபத்து மிகுந்த வேளை என்பதால், தாளில் "இல்லை" என்று கண்டாலும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்றேனும் தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

முறையான சோதனையின் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கருவுற்ற தாய்மாரைச் சோதித்து, வேண்டியோருக்குச் சிகிச்சை அளித்து வந்ததால், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது.

விலையுயர்ந்த கருவிகள் இருந்தாலன்றி விஞ்ஞானம் வளராது என்று எண்ணும் மாணவர்கள், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியையும் இரவுப் புகையிரதத்தையும் எண்ணிப் பார்க்கட்டும். "இங்கே இருக்காது" என்று பலரும் கூறியதை அப்படியே ஏற்காமல் தேடிப் பார்த்தமை ஒரு சிறப்பு. மஞ்சள் நிறத்தைக் கண்டவுடன் பறைசாற்றாமல் மறுபடியும் சோதித்தமை அதனினும் பெரிய சிறப்பு. இவ்விரண்டு பழக்கங்களையும் எந்தப் பாடசாலையிலும் காசின்றிக் கற்கலாம்.