நெல்லினமும் பசளையும்

வைக்கோலுக்குச் சென்ற சத்தை நெல்மணிக்குத் திருப்புவதே நமது நாட்டு நெல் ஆராய்ச்சி நெடுங்காலமாக நாடிவந்த நோக்கம் எனலாம்.

முன்னாளில் பயிரிடப்பட்ட நெல்லினங்கள் பெரும்பாலும் உயரமானவை. அவை வளங்குன்றிய நிலத்திலும் ஓரளவு விளையும். களைகளைத் தம் நிழலால் அடக்கும். ஆயினும் நைதரசன் பசளையைக் கூடுதலாக இட்டால் தண்டு நீண்டு, கதிர் முற்றுமுன்னரே பயிர் சாய்ந்துவிடும். பசளைக்குச் செலவிட்ட பணம் வைக்கோலாகவே முடியும்.

முருங்கக்காயன் என்னும் உள்நாட்டு இனத்தையும் மாஸ் என்னும் இந்தோனேசிய இனத்தையும் கலந்து பெறப்பட்ட எச்-4, 1958ஆம் ஆண்டில் கமக்காரருக்கு வழங்கப்பட்டது. எரிபந்த நோயைத் தாங்கி, மிதமான பசளைக்கு நற்பலன் தந்தமையால் அது விரைவிற் பரவிற்று. ஆனால் அதுவும் உயரமான இனமே. பசளை மிகுந்தால் சாய்ந்தது. ஆகவே ஆராய்ச்சியாளர் குட்டைத் தண்டை நாடினர். 1970ஆம், 1971ஆம் ஆண்டுகளில் பீ.ஜீ. 11-11, பீ.ஜீ. 34-8 என்பன வெளிவந்தன. பீ.ஜீ. என்பது பத்தலகொட நிலையத்தைக் குறிக்கும். இத்தகைய பயிரில் தண்டு குறுகி இலைகள் நிமிர்ந்து நிற்பதால், கீழிலைகளுக்கும் வெயில் எட்டுகின்றது. சாயாது நின்று கூடுதலான பசளையை மணியாக்குகின்றது.

இவ்வினங்கள் பசளையை நம்பியே தெரிவுசெய்யப்பட்டவை என்பதை மறத்தலாகாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. எனினும் 2021/22 பெரும்போக விளைவு பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை மண்ணுக்கு நன்மையே. ஆனால் அதன் சத்து மெதுவாகவே வெளிப்படும். மூன்று மாதத்தில் முற்றும் பயிர் அதுவரை காத்திராது.

வயதைக் குறைப்பதும் ஆராய்ச்சியின் மற்றொரு போக்காகும். குளத்து நீர் குறைந்த சிறுபோகத்தில் குறுகிய வயதுடைய இனமே தக்கது. அண்மைக்கால பீ.ஜீ. இனங்களின் இலக்கமே பெரும்பாலும் வயதைக் கூறும்: 250 இரண்டரை மாதம்; 300 மூன்று மாதம்; 352, 358 மூன்றரை மாதம். விதைநெல் வாங்குமுன் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்க.

யூரியா முழுவதையும் ஒரே முறையில் இடுதல் வீண். நீர் நின்ற வயலில் நைதரசனின் ஒரு பங்கு காற்றிலும் நீரிலும் கலந்து போய்விடும். மட்டம் வெடிக்கும் பருவத்திலும், தண்டினுள் இளங்கதிர் தோன்றும் பருவத்திலுமாகப் பிரித்து இடுதல் வேண்டும். இலைநிற அட்டை கிடைக்குமாயின், இலையை உடல் நிழலில் வைத்து அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்க்க. நிறம் வெளிறாத வயலுக்கு அப்போது யூரியா தேவையில்லை.