மரஞ் சுமந்த பண்டிதர்

திருக்குறளின் பெருமையை மேனாட்டறிஞர் வாயிலாக எடுத்துரைக்கும் மேடை எதுவாயினும், அங்கே அல்பேட் சுவைற்சர் என்னும் பெயர் ஒலியாது விடுவதில்லை. போப்பையர் பெயருக்கு அடுத்து அவர் பெயர். அதற்கு அடுத்துக் கரகோஷம். யானும் பலகால் அவ்வண்ணம் சொல்லிக் கைதட்டுப் பெற்றவனே. அவர் யார், எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று மாணவன் ஒருவன் எழுந்து வினாவியபோதுதான், பெயரையன்றி ஆளை யான் அறியேன் என்பது புலனாயிற்று.

அதன்பின் அவர் நூல்களைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் மனத்திற் பதிந்தது அவருடைய மெய்யியலன்று. பூமத்தியரேகையை அடுத்த ஆபிரிக்கக் காட்டிலே, ஓர் ஆற்றங்கரையில், அவரும் துணைவந்த தொண்டர் சிலரும் வைத்தியசாலை ஒன்றைக் கட்டியெழுப்பிய கதையே பதிந்தது.

சுவைற்சர் 1875 இல், அப்பொழுது செர்மனியின் வசமிருந்த அல்சாஸ் நாட்டில், பாதிரியார் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். முப்பது வயதளவில் மெய்யியலிலும் இறையியலிலும் பட்டங்கள் பெற்று, ஸ்ராஸ்பூர்க் சருவகலாசாலையில் ஆசிரியராய், ஓர்கன் வாத்தியத்தில் வல்லவராய், பாக் என்னும் இசைமேதையைப் பற்றிப் பெருநூல் இயற்றியவராய் விளங்கினார். இத்தகையவர் 1905 இல், இளைஞர் நடுவே மாணவராய் உட்கார்ந்து வைத்தியம் படிக்கத் தொடங்கினார். ஆபிரிக்காவிற் பணிபுரிய ஆளில்லை என்று பாரிஸ் நகரத்து மிஷன் சங்கத்தார் தம் பத்திரிகையில் வெளியிட்ட செய்தி அவர் கண்ணிற் பட்டதே அதற்குக் காரணம்.

வேடிக்கை என்னவெனின், அச்சங்கத்தார் அவரை விரும்பவில்லை. இயேசுவின் வரலாறு பற்றி அவர் எழுதியவை மரபுக்கு மாறானவை என்பது அவர்கள் அச்சம். பிரசங்கம் செய்யேன், வைத்தியம் மாத்திரம் செய்வேன் என்று வாக்களித்த பின்னரே இடங்கொடுத்தனர். செலவுக்கு வேண்டிய பணத்தையும் அவரே தேடிக்கொண்டார். பேச்சையும் எழுத்தையும் வாழ்வாகக் கொண்டவர், பேசாதிருக்க உடன்பட்டுப் புறப்பட்டார். காட்டிலிருந்த குருமாரோ சில காலத்துள் அத்தடையைப் பொருட்படுத்தாது, நீரும் பிரசங்கியும் என்று அவரை அழைத்துவிட்டனர்!

1913 ஏப்பிரல் 16 ஆந் தேதி, தாதித் தொழில் பயின்ற மனைவி எலேனாவுடன், காபோன் நாட்டில் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனேயை அடைந்தார். கட்டித் தருவதாகச் சொன்ன கட்டடம் அங்கே இல்லை. வேலையாட்கள் எல்லாரும் மரவியாபாரிகளிடம் கூலிக்குப் போய்விட்டனர். பழைய கோழிக்கூடு ஒன்றைத் துப்புரவாக்கி, சுண்ணாம்பு அடித்து, அதில் நோயாளரைப் பார்க்கலானார். துணைக்கு வாய்த்தவர் யோசேப்பு என்பவர்; முன்னே சமையற்காரராய் இருந்தவர். நோயாளியின் உடலுறுப்புகளை இறைச்சிக் கடைப் பெயர்களாலேயே குறிப்பிட்டு, இவருக்கு வலது தொடையிறைச்சியில் நோவு என்ற வகையில் மொழிபெயர்ப்பாராம். பின்னர் எட்டு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் உள்ள தகரக் கட்டடம் ஒன்று எழுந்தது. 1914 இற் போர் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிப் புலத்தில் செர்மன் பிரசையாய் இருந்தவர் 1917 இற் கைதியாகப் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

1924 ஏப்பிரலில், ஒக்ஸ்போட் மாணவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு திரும்பியபோது, தகரக் கட்டடமும் ஒரு பெருங்கூடத்தின் மரச்சட்டமுமே எஞ்சியிருந்தன. மற்றெல்லாம் காடு. கூரை முழுதும் ஒழுக்கு. அந்நாட்டில் ஒருவகைப் பனையின் ஓலையை நம்மூர்க் கிடுகு போலப் பின்னி வேய்வர். அந்தக் கிடுகுக்காக ஊர் ஊராக வள்ளத்திற் சென்று இரந்தார், கெஞ்சினார், மிரட்டியும் பார்த்தார். காலையில் வைத்தியம், மாலையிற் கட்டடவேலை என்று நாள்கள் கழிந்தன.

பின்னர் ஐரோப்பாவிலிருந்து தொண்டர்கள் ஒவ்வொருவராய் வந்து சேர்ந்தனர். மத்தில்டே கொட்மன் என்னும் தாதி வந்தார். விக்ரர் நெஸ்மன் என்னும் இளம் வைத்தியர் வந்தார். இவர் 1944 இற் பிரான்சில் நாத்சிகளின் கையில் மாண்டவர். 1925 இல் எம்மா ஹௌஸ்னெக்ற் என்னும் பள்ளி ஆசிரியை வந்தார். சுவிற்சர்லாந்திலிருந்து முக்கன்ஸ்ரூம் என்ற தச்சிளைஞர் வந்தார். வைத்தியர் மூவர் இருந்த காலத்தும் தச்சர் ஒருவர் வரவையே சுவைற்சர் பெரிதும் எதிர்பார்த்திருந்தார் என்பது கவனிக்கத் தக்கது.

முதல் ஆண்டில், உலர்பருவத்திலும் மழை ஓயாமையால், வெட்டிய காட்டை எரித்துப் பயிரிட இயலாது போயிற்று. 1925 இற் பஞ்சம் வந்தது, உடன்வந்தது வயிற்றுளைவு. தொற்றுநோயாளரைப் பிரித்து வைக்க இடமில்லை. ஆகவே ஆற்றின்மேல் மூன்று கிலோமீற்றர் தள்ளி, ஏறத்தாழ 170 ஏக்கர் நிலத்தைப் பெற்று, எல்லாவற்றையும் புதிதாய்க் கட்டுவதென்று தீர்மானித்தார். அன்று தொட்டு ஒன்றரை ஆண்டு அவர் கையில் மருந்துக் குப்பியினும் கோடரியும் முழக்கோலுமே மிகுதியும் இருந்தன. வைத்தியத்தை இளையோர் இருவர் பார்த்துக்கொண்டனர்.

கட்டிய முறை சொல்லத் தக்கது. ஆறு பெருகுமிடம் ஆதலின் வைரமுள்ள மரக்கால்களை நட்டு, அவற்றின்மேற் கட்டடத்தை நிறுத்தினார். நடுமுன் கால்களை நெருப்பிலே பதமாய்ச் சுட்டுக் கரியேற்றினார்; கறையானும் ஈரமும் அணுகாமைக்கு. கட்டடங்கள் ஒடுக்கமானவை, கிழக்கு மேற்காய் நீண்டவை. பூமத்தியரேகை நாட்டில் ஞாயிறு செல்லும் வழி அதுவே; ஆதலின் நீண்ட சுவர்களில் வெயில் படாது. காலை நடுமுன் அவர் தோண்டிய குழிக்குள் எட்டிப் பார்ப்பாராம். எறும்போ தேரையோ விழுந்து கிடந்தால் எடுத்து வெளியே விட்ட பின்னரே கால் இறங்கும். உயிர்கள் அனைத்தையும் போற்றுதல் என்னும் கொள்கை 1915 இல், அதே ஆற்றிற் படகிற் போகும்போது அவர் உள்ளத்தில் உதித்தது. அக்கொள்கை குழிவரை இறங்கியது என்பதே சிறப்பு.

வேலை செய்தவர் யாவர்? நோய் தீர்ந்தவர்களும் நோயாளருக்குத் துணையாக வந்த உறவினருமே. அவர் நின்றால் வேலை நடக்கும்; அகன்றால் நின்றுவிடும். ஆகவே பெரும் பண்டிதர் நாள்முழுதும் கங்காணியாய் நின்றார். இதைப் பற்றி அவர் பலவிடத்துச் சலித்து எழுதுகிறார். அச்சலிப்பு முழுதும் நீதியானதென்று எனக்குத் தோன்றவில்லை. தகப்பனைச் சுமந்துகொண்டு வந்தவன் காடு வெட்டுவதற்கு வந்தவன் அல்லனே!

ஒருநாள் உத்தரம் ஒன்றைத் தூக்க ஆள் போதவில்லை. நோயாளி ஒருவரின் பக்கத்தில் வெள்ளுடை தரித்த ஆபிரிக்கர் ஒருவர் இருந்தார். சற்றே கைகொடுக்கும்படி சுவைற்சர் அழைத்தார். தாம் படித்தவர் என்றும், மரந்தூக்குவது தமக்குரிய வேலையன்று என்றும் அவர் மறுத்தார். நீர் பாக்கியசாலி, யானும் படித்தவனாக விரும்பினேன், கைகூடவில்லை என்ற கருத்துப்பட விடையிறுத்துவிட்டுச் சுவைற்சர் மரத்தைத் தூக்கினார். இதனைப் படித்தபோது யான் சிரித்தேன். பின்னர் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

1927 சனவரி 21 ஆந் தேதி நோயாளர் படகுகளிற் புதுவிடம் ஏகினர். சித்தங் கலங்கியவர்கள் அதுவரை ஈர மண்தரையில் அடைபட்டுக் கிடந்தவர்கள். அன்றிரவு பலகைத் தளத்திற் படுத்தனர். விளக்கோடு சுற்றிவந்தவரை நோக்கி ஒவ்வொரு படுக்கையிலிருந்தும், வீடு நன்று என்ற சொல் எழுந்ததாம். இருநூறு நோயாளரும் உடன்வந்தோரும் தங்க அங்கே இடமிருந்தது. 1952 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் சமாதானப் பரிசுப் பணமும் பின்னர் அங்கேயே தொழுநோயாளர் குடியிருப்பாயிற்று. 1965 இல், தொண்ணூறாம் வயதில், ஆற்றங்கரையிலேயே அடக்கமானார்.

குறையும் சொல்லவேண்டும். ஆபிரிக்கன் தம் சகோதரனே, ஆயினும் தாம் மூத்த சகோதரன் என்று அவர் எழுதினார். நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சேபே 1975 இல் நிகழ்த்திய உரையொன்றில் இதனைக் கடுமையாகச் சாடினார். இளையவனுக்கு இது போதும் என்னும் நினைவே அவ்வைத்தியசாலையின் அமைப்பிலும் தெரிகிறது என்றார். இச்சாடல் பொருந்தும். தமிழாசிரியனாகிய எனக்கு மற்றொன்றும் உறுத்துகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாய் அவ்வாற்றங்கரையோடு உறவு பூண்டும் அவர் அம்மக்கள் மொழியைக் கற்கவில்லை. இறுதிவரை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே பேசினார். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழ் கற்று, தமிழிலேயே வைத்தியம் போதித்ததை அறிந்த நமக்கு இது பெருங்குறையாகவே தோன்றும்.

இனிக் குறளுக்கு வருவோம். இந்தியச் சிந்தனை பற்றிய அவர் நூல் 1935 இற் செர்மன் மொழியில் வெளிவந்தது. துறவையே உச்சியில் வைக்கும் நூல்களுக்கு மாறாக, உலகில் நின்று செய்யும் அன்புத் தொண்டைக் குறள் போற்றுகிறது என்பது அவர் துணிபு. துறவறவியலும் குறளில் உண்டென்பதை அவர் சற்றே குறைத்து மதித்தார், அது நிற்க. 1936 இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் முகப்பில் திருமதி சாள்ஸ் றசல் என்ற பெயரைக் கண்டேன். எங்கோ கண்ட பெயர் என்று மீண்டும் புரட்டினேன். 1927 ஏப்பிரலில் லம்பரேனேக்கு வந்து, வைத்தியசாலையைச் சுற்றிக் காடு வெட்டுவோரை மேற்பார்க்கும் பொறுப்பைச் சுவைற்சரிடமிருந்து ஏற்றவர் இவரே. தம் சொல்லைக் கேளாதோரும் இவர் சொல்லைக் கேட்டனர் என்று சுவைற்சர் வியந்து எழுதுகிறார். அங்கே தோட்டம் எழுந்ததும் இவர் மேற்பார்வையிலேயே. நாம் மேடையில் ஒப்புவிக்கும் அந்த ஆங்கில வாக்கியம், செர்மன் மொழியிலிருந்து இந்த அம்மையார் எடுத்தமைத்தது.