முப்பது நாள் சட்டமும் ஆறு நாள் ஹார்ட் டிஸ்க்கும்

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு வருகிறார். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற நேரத்தில் பை காணாமல் போகிறது. தலைக்கு மேல் ஒரு கேமரா. "அதைப் பார்த்தா தெரிஞ்சுடுமே" என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பதிவைப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறதா? இருந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?

சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) 'தகவல்' என்ற சொல்லுக்குள் மின்னணு வடிவில் இருப்பதும் அடங்கும். வீடியோவாகவே நகல் வாங்கலாம் என்று பிரிவு 2(j) சொல்கிறது. பொது அதிகார அமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும். நகராட்சி, காவல்துறை இரண்டுமே அதில் வரும். கேமராவை மாட்டியது ஒருவர், பதிவை வைத்திருப்பது இன்னொருவர் என்றால், விண்ணப்பத்தை உரியவருக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். கட்டணம் 10 ரூபாய்.

பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். சிக்கலே இங்கதான்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். சாதாரண 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால், ஒரு நாளைக்கு சுமார் 43 ஜிபி. 16 கேமராவுக்கு 690 ஜிபி. 4 டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. புதிய வகை சுருக்க முறையில் அளவு பாதியானாலும் 12 நாள்தான். டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவு மேலேயே புதுசு எழுதப்படும். யாரும் அழிக்க வேண்டாம், தானாகவே போயிடும். 30ஆம் நாள் "பதிவு இல்லை" என்று பதில் வந்தால் அது பொய்யாகக்கூட இருக்காது!

இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். விசாரித்த மாஜிஸ்திரேட், காவல் நிலையத்தில் 1 டெராபைட் டிஸ்க் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். ஒரு செட்டிங், அவ்வளவுதான். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதமும், அதற்கான கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அது காவல் நிலையங்களுக்கும் விசாரணை அமைப்புகளுக்கும்தான். தெருக் கேமராவுக்கு இல்லை.

இப்போ மறுபக்கம். அதே கேமராவில் அந்த நெசவாளர் மட்டுமா இருக்கிறார்? யாரோ ஒரு பொண்ணு யாரோடோ பேசிக்கிட்டு நிற்பதும் இருக்கும். சின்ன ஊரில் அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்னது இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முன்பு பிரிவு 8(1)(j) இரண்டையும் எடைபோட்டது: பொது நலன் பெரிது என்றால் தனிப்பட்ட தகவலையும் தரலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரிகளை வெட்டிவிட்டது. 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம். முகம் தெரிகிற எந்த வீடியோவுக்கும் இது பொருந்தும். ஆனாலும் இரண்டு கதவு திறந்திருக்கு. பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடு என்னும் பிரிவு 10ம் இருக்கிறது. மற்றவர்கள் முகத்தை மங்கலாக்குவது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை.

அப்போ அந்த நெசவாளர் என்ன செய்யலாம்?

முதலில், அன்றைக்கே போலீஸில் புகார். பதிவைக் கேட்டு வாங்க பிஎன்எஸ்எஸ் பிரிவு 94 அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. கூடவே, அன்றைக்கே ஆர்டிஐ மனு: எந்தக் கேமரா, எந்தத் தேதி, எந்தப் பதினைந்து நிமிடம் என்று குறுக்கிக் கேளுங்கள். "பதில் தரும்வரை இந்தப் பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள்" என்ற வரியையும் சேருங்கள். கேட்கப்பட்ட தகவலை அழித்தால் பிரிவு 20ன்படி தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 வரை அபராதம் விதிக்கலாம். அதாவது மனு, பதிலுக்கு முன்பே பாதுகாப்பாக வேலை செய்கிறது. ஒப்புகைச் சீட்டை பத்திரமா வைங்க.

பை தொலையாதவர்களும் கேட்கலாம்: எத்தனை கேமரா ஓடுகிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், யாருக்கு நகல் கொடுத்தார்கள் என்பதற்குப் பதிவேடு உண்டா? இதில் யார் முகமும் இல்லை, அந்தரங்கம் என்று மறுக்கவும் வழியில்லை. இந்த நாலு கேள்வியை நான் அனுப்பப் போகிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.