சாட்சி மீது பழி

பொழியூர்க் கடற்கரையிலிருந்து பாறசாலை போகும் வழியில் ஒரு சின்னப் பட்டறை. பானெட்டைத் திறந்து குனிந்து நிற்கிறார் மெக்கானிக். கார் என்னுடையது. எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கி இரண்டு வாரமாகிறது. நகரத்துப் பட்டறை ஒன்று ஸ்கேனரைச் செருகி, ‘பி0133’ என்ற குறியீட்டைப் பார்த்ததும் தீர்ப்பளித்துவிட்டது: ஆக்ஸிஜன் சென்ஸர் மந்தம், மாற்ற வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில்.

புகைக்குழாயில் மீந்திருக்கும் ஆக்ஸிஜனை மோப்பம் பிடிக்கும் கருவி இது. 1976இல் வால்வோ கார்களில் முதலில் வந்தது. இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமான பிறகே இதற்கும் மவுசு கூடியது. பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. பெட்ரோல் மிகுந்தால் சென்ஸர் 0.9 வோல்ட் வரை காட்டும். காற்று மிகுந்தால் 0.1க்கு இறங்கும். நல்ல சென்ஸர் இந்தத் தாவலைச் சுமார் 0.1 வினாடியில் முடித்துவிடும். கரியும் எரிந்த ஆயிலும் படிந்தால் தாமதிக்கும். கம்ப்யூட்டரும் தாமதமாகவே பெட்ரோலைத் திருத்தும். மைலேஜ் குறையும், சென்ஸரைவிடப் பல மடங்கு விலையுள்ள மாற்றியும் நாளடைவில் கெடும்.

குறியீடு சொல்வது ‘பதில் தாமதம்’ என்பதை மட்டுமே. தாமதம் யாரால் என்று அது சொல்வதில்லை.

மெக்கானிக் எஞ்சினை நன்றாகச் சூடாக்குகிறார். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது, அது சராசரியைத்தான் காட்டும். ஸ்கோப் திரையில் கோட்டைப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திருகுகிறார். கோடு செங்குத்தாக 0.9க்கு ஏறுகிறது, விட்டதும் விழுகிறது. மந்தமான சென்ஸராக இருந்தால் கோடு சரிந்து சரிந்துதான் ஏறியிருக்கும். உப்புக் காற்றில் பாசம் பிடிக்கும் கனெக்டரையும் கழற்றிப் பார்க்கிறார். சுத்தம்.

“அண்ணே, இவன் குத்தம் ஒண்ணுமில்ல. வெளிக்காத்து கேறுது.”

கேறுவது என்றால் இந்த எல்லைத் தமிழில் நுழைவது.

எஞ்சின் ஆறிய பின் புகைக்குழாயின் பின்முனையில் ஊதுகுழலை வைத்து, மூட்டுகளில் சோப்பு நீர் தெளிக்கிறார். சென்ஸருக்கு முன்னால், மேனிஃபோல்ட் மூட்டில் குமிழ்கள். சில நூறு ரூபாய் கேஸ்கெட். எஞ்சின் ஓடும்போது அந்த இடுக்கு வழியே உள்ளே வரும் காற்றுதான் சென்ஸரைக் குழப்பியிருக்கிறது. இத்தனைக்கும் போன மாதம்தான் புகைச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். சில நிமிடச் சோதனைக்கு இது அகப்படவில்லை.

கேஸ்கெட்டை மாற்றிக் குறியீட்டை அழித்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். “மறுபடியும் எரிஞ்சா சென்ஸரை மாத்துவோம். இப்ப வேண்டாம்.”