கூடைக்காரியும் விளம்பரமும்



அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்தைக் கடந்து மலையேறினால் லிப்டன் சீட் வரும். தோமஸ் லிப்டன் அமர்ந்து ஊவா மலைகளைப் பார்த்த இடம் அது. இன்று அங்கே அவருடைய சிலை அமர்ந்திருக்கிறது. தேயிலை வியாபாரி என்றே நாம் அவரை அறிவோம். தேயிலையைத் தொடுமுன்பே அவர் விளம்பரக் கலையில் கைதேர்ந்தவர்.

இளமையில் அமெரிக்கா சென்று, நியூயோர்க் கடையொன்றில் வேலை பார்த்தவர் அவர். வாடிக்கையாளரைக் கவரும் வித்தையை அங்கேதான் கற்றார். 1871இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார். கொழுத்த பன்றிகளை, லிப்டன் கடைக்குப் போகிறோம் என்ற வாசகத்துடன் தெருவில் ஊர்வலம் விட்டார். 1881 நத்தாருக்கு இராட்சதப் பாற்கட்டி ஒன்றினுள் தங்கக் காசுகளைப் பொதித்து, வெட்டி விற்றார்.

1869இல் தொடங்கிய இலைநோய் இலங்கையின் கோப்பியை அழித்திருந்தது. தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த வேளையில், 1890இல், லிப்டன் இங்கு வந்து ஊவாவில் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்பதே அவருடைய முழக்கம். ஆனால், விற்ற தேயிலை முழுவதும் அவருடைய மலைகளில் விளைந்ததல்ல, பிறரிடமும் வாங்கினார். அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்திலும் தோற்றார். தோல்வியும் வீணாகவில்லை. அவர் பெயர் அமெரிக்கப் பத்திரிகைகளில் இடைவிடாது அடிபட்டது, தேயிலையும் விற்றது.

அந்த விளம்பரங்களில் கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்ணொருத்தி வருவாள். அவள் யார்?

அவளுடைய முன்னோரை இங்கே அழைத்து வந்ததும் ஒரு விளம்பரந்தான். அதற்கு அச்சும் இல்லை, படமும் இல்லை. கங்காணியின் வாய்ச்சொல் மட்டுமே. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று தமிழகத்துக் கிராமங்களில் நம்பவைத்தார்கள். நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தவை கடனும், லயக் காம்பிராவும், விடியற்காலைப் பிரட்டுமே.

ஒரு விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது; மற்றொன்று அந்த ஆளின் உருவத்தை விற்றது. இரண்டிலும் அவளுக்குப் பெயரில்லை. சீமையின் கடைகளில் பலரும் கண்டு பழகிய அந்த முகத்தின் சந்ததியை, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது.

இங்கேதான் இலக்கியத்தின் வேலை தொடங்குகிறது. படத்தில் இருந்தவள் பேசவில்லை. ஆனால் மலையில் இருந்தவள் பாடினாள். கங்காணியை ஏசியும், பிள்ளையைத் தாலாட்டியும், இறந்தவரை நினைத்து அழுதும் பாடினாள். அந்தப் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். விளம்பரம் அவளுடைய புன்னகையை மட்டும் எடுத்துக்கொண்டது. அவளுடைய வாய்மொழி நம்மிடம் எஞ்சியிருக்கிறது என்றால், அதைக் கேட்டு எழுதிவைக்க ஒருவர் இருந்ததனாலேயே.

உங்கள் தோட்டத்திலும் அப்படிப் பாடும் பாட்டியொருவர் இருக்கக்கூடும். இன்றே போய்க் கேளுங்கள். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.