பில்லியர்ட்ஸ் மேசையின் பழைய கருவிகள்

முழு அளவு பில்லியர்ட்ஸ் மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. கனத்த மரச்சட்டத்தின்மேல் ஐந்து கற்பலகைகள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய கம்பளித் துணி, சுற்றிலும் ரப்பர் பதித்த விளிம்பு என்பது அதன் அமைப்பு. கல் ஈரத்தைத் தாங்கும்; மற்றவை தாங்கா. நுவரெலியா ஹில் கிளப் 1876இல், கோப்பித் தோட்டக் காலத்தில், தொடங்கியது. அதன் பில்லியர்ட்ஸ் அறை இன்றும் உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரின் பனிமூட்டத்தில் இத்தகைய மேசைக்கு ஈரமும் குளிரும் ஓயாத தொல்லை.

கம்பளி இழை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரத் துணியில் பந்து தளர்ந்து ஓடும். துணியின் மயிரிழைகள் ஒரே திசையில் படிந்திருப்பதால், அத்திசையிலேயே குதிரைமயிர்த் தூரிகையால் முதலில் தூசியும் சாக்குத்தூளும் அகற்றப்படும். பிறகு கனத்த இஸ்திரிப்பெட்டி அதே திசையில் நகர்த்தப்படும். அதன் சூடு ஈரத்தை விரட்டி இழைகளைப் படியவைக்கும். பழைய பெட்டிகள் அடுப்பில் சூடேற்றப்பட்டன. சூட்டை அறியப் பெட்டியைச் செய்தித்தாளில் வைத்துப் பார்ப்பார்கள். தாள் பழுப்பேறினால் சற்று ஆறவிட வேண்டும்.

தொடக்ககால ரப்பர் விளிம்பு குளிரில் இறுகி, பந்தைத் துள்ளவிடாது. ஆட்டத்துக்கு முன் வெந்நீர் நிரப்பிய நீண்ட உலோகக் கலங்களை விளிம்போரம் வைத்து அதை இளக்கினார்கள். 1840களில் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்தபின் இவற்றின் தேவை குறைந்தது. அதனால் இன்று இவை அரிய சேகரிப்புப் பொருள்கள். கற்பலகைகளைச் சமப்படுத்தும் நீண்ட ரசமட்டமும், கோலின் தோல்முனையை ஒட்டும்போது இறுக்கும் சிறு கவ்வியும் எளிதில் கிடைப்பவை.

சேகரிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது உற்பத்தியாளர் பெயர். இங்கிலாந்தில் 1799இல் தொடங்கிய தர்ஸ்டன், 1836இல் தொடங்கிய பரோஸ் அண்ட் வாட்ஸ் ஆகியவற்றின் முத்திரைக்கு மதிப்பு அதிகம். இஸ்திரிப்பெட்டியின் அடிப்பரப்பு வளையாமலும் பள்ளமில்லாமலும் இருக்க வேண்டும். துருவை எண்ணெய்த் துணியால் துடைக்கலாம். மணற்காகிதம் தேய்த்தால் பழமையின் நிறமும் முத்திரையும் போய்விடும். தூரிகையின் மயிரைப் பூச்சி அரிக்கும் என்பதால், கழுவி நிழலில் உலர்த்தி வைப்பது நல்லது. பழைய மின்சார இஸ்திரிப்பெட்டிகளின் வயர் உறை நொறுங்கியிருக்கக்கூடும். அவற்றை மின்னிணைப்பில் பொருத்தக்கூடாது.